இரண்டு தட்டு

செங்கோட்டை ரயில் ஒரு நாள் சத்தமில்லாமல் போனது.

சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கொம்பையா தற்செயலாகத் தலையைத் தூக்கியபோது, வயலுக்கு அப்பால், வாழைத்தோப்பை ஒட்டி, ஜன்னல் ஜன்னலாக அது நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் ரயில் கண்ணில் படும் முன்பே தண்டவாளம் முனகுவது அவர் காதுக்கு வந்துவிடும். "ரயிலு வந்துட்டு, கடுங்காப்பி போடுளா" என்று மனைவி முப்பிடாதிக்குக் குரல் கொடுப்பார். அன்று குரல் கொடுக்கவில்லை. குளத்துத் தண்ணீருக்குள் மீன்கூட்டம் போவதைப் பார்ப்பதுபோல் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு ரயில் விட்டுட்டானுவல்லா, அதான் சத்தமே இல்ல" என்றார் அப்புறம்.

"சத்தமில்லையா? அடுக்குல இருக்க பாத்திரம் பூரா ஆடுது" என்றாள் முப்பிடாதி. அதுவும் அவர் காதில் சரியாக விழவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. கன்னடியன் கால்வாய் மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் போனது. தவளைகள் போயின. தகரக் கூரையில் கொட்டுகிற கார்த்திகை மழை, கண்ணால் பார்க்கிற ஒன்றாக மட்டும் ஆகிவிட்டது. கம்பி கம்பியாக இறங்கும், முற்றத்தில் குமிழி விடும், அவ்வளவுதான். அவருக்கு அது பிடித்தும் இருந்தது. பார்சலில் போகிற சட்டிக்கு வைக்கோல் சுற்றுவதுபோல், யாரோ உலகத்தைச் சுற்றிலும் வைக்கோல் வைத்துப் பொதிந்துவிட்டார்கள். உள்ளே இருப்பது கதகதப்பாகத்தான் இருந்தது.

பானைச் சத்தம் மட்டும் போகவில்லை. விரல் முட்டியால் தட்டினால் 'ணங்' என்று எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, பைய அடங்கியது. சின்ன வயசில் கேட்ட அதே சத்தம். காது கெட்டிருந்தால் பானை எப்படிக் கேட்கும்? அந்த ஒரு கேள்வியை வைத்தே கொம்பையா தைரியமாக இருந்தார்.

அவருடைய தொழிலே அந்தத் தட்டில்தான் நின்றது. காருகுறிச்சியில் மண்சட்டி வாங்க வருகிறவர்கள் யாரும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட அவ்வளவு கவனமாகக் காது கொடுக்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சட்டி 'டொக்' என்று சொல்லிவிடும்.

நோய் பரவி ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த வருஷம், கோயில் கொடைத் திருவிழாவும் சந்தையும் நின்றுபோய், சட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. அப்போதுதான் பத்தமடையிலிருந்து ரைஹானத் ஒரு குழம்புச் சட்டி வாங்க வந்தாள். பாய் நெய்கிற வீட்டுப் பெண். புருஷன் மஸ்கட்டில். போனில் சொல்கிறவர்களுக்குக் கோரைப் பாயைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவையும் வச்சி என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?"

"அழகு பாக்கப் போறேன்."

"பாத்து முடிச்சாச்சுன்னா சொல்லுங்க, நான் விக்கிறேன்."

ஒரு பாய்க்குள் ஒரு சட்டியை உருட்டி வைத்துச் சென்னைக்கு அனுப்பினாள். பாய் நல்லாயிருக்கு, சட்டி அதைவிட நல்லாயிருக்கு என்று பதில் வந்தது. அப்படித்தான் இரண்டு பேருமாகக் கடை ஆரம்பித்தார்கள். கடை என்றால் கொம்பையாவின் கொட்டகை, ரைஹானத்தின் போன், அட்டைப்பெட்டி, கோரைக் கழிவு, வைக்கோல். கோயம்புத்தூரில் குடியிருந்த குமரகுருபரன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார், பாளையங்கோட்டைக்காரர், "தட்டிப் பாக்காம சட்டிய எப்பிடிம்மா வாங்குறது?" என்று போனில் கேட்டார். ரைஹானத் உடனே போனைச் சட்டிக்குப் பக்கத்தில் நீட்டி, "தட்டுங்க அண்ணாச்சி" என்றாள். சட்டியின் வயிற்றில் ஒரு தட்டு, வாயில் ஒரு தட்டு. அந்தச் சத்தம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு படம், அந்தச் சட்டியின் சத்தம். வாங்குகிறவர் கேட்டுச் சரி என்றால்தான் பெட்டியில் ஏறும். கடைக்குப் பெயரே 'தட்டிப்பாரு' என்று ஆகிவிட்டது. பம்பாய், டில்லி எல்லாம் சட்டி போயிற்று. கொம்பையா மோட்டார் சக்கரம் வாங்கினார், கொட்டகைக்குத் தகரம் போட்டார்.

இந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஆற்றில் செம்பட்டையாகத் தண்ணீர் போனது. ஈர வைக்கோலும் ஈரத் தேங்காய்க் கதம்பையும் வைத்து எரித்தால் சூளை ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிருமாக நிற்கும். சட்டியில் முடி மாதிரிக் கீறல் விழும். தட்டுக்கு வேலை அதிகமான மாதம்.

மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் ரைஹானத் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். வந்து உட்காரும் முன்பே போன் அடித்தது. வாத்தியார்.

"ஏம்மா, கொம்பையா இருக்காரா? எல்லாரும் கேக்குற மாதிரிப் போடு."

போட்டாள்.

"வே கொம்பையா! நீரு அனுப்பின சட்டில நேத்து வீட்டுல சொதி வச்சா. தேங்காப்பால ஊத்தி எறக்கப் போற நேரம் அடுப்பு அணஞ்சு போச்சு. என்னன்னு பாத்தா சொதி பூரா அடுப்புக்குள்ள நிக்கி வே!"

கொம்பையாவுக்குச் 'சொதி' என்பது மட்டும் கேட்டது.

"சந்தோசம் சார்வாள். நல்லாச் சாப்புடுங்க" என்றார்.

"ஏம்மா, இந்த ஆளு என்னய நக்கல் பண்ணுதாரா?" என்றது போன்.

"ஐயோ இல்ல சார், அண்ணாச்சி வெளையாட்டுக்குச் சொல்லுதாங்க" என்று ரைஹானத் கொம்பையாவை முறைத்தாள். "வேற சட்டி அனுப்பிருதோம் சார்."

"அது கெடக்கட்டும். எம் மக விஜயஸ்ரீ கல்யாணத்துக்குப் பெரிய சட்டி சொல்லிருக்கேன்லா, அது என்னாச்சு? மறுவீட்டுக்குச் சொதி அதுலதான் வைக்கணும். சம்பந்தக்காரங்க இந்தப் பக்கத்து ஆளுக, சொதின்னா என்னன்னே தெரியாது. எங்க ஊர் மண்சட்டி, எங்க ஊர்ச் சொதின்னு நான் நெஞ்ச நிமுத்திச் சொல்லி வச்சிருக்கேன். பந்தி நேரத்துல ஒழுகிச்சுன்னா எங்க போயி மூஞ்சிய வைக்க? இந்தத் தடவ சத்தத்தக் கேட்டுட்டுத்தான் எடுப்பேன். போன தடவ கேக்கவே இல்ல. கொம்பையா தட்டுனா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

போனில் பேசியது அவருக்குச் சரியாக விழவில்லை போல என்று ரைஹானத் போனை வைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்து எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். கடைசி வாக்கியத்தையும் சொன்னாள். கொம்பையா தட்டுனா சரியாத்தான் இருக்கும்.

"நான் தட்டுனேனே" என்றார் கொம்பையா.

"இருங்க, அந்தச் சத்தம் போன்ல கெடக்கும்."

தேடி எடுத்துப் போட்டாள். கொம்பையா குனிந்து காதை வைத்தார். படத்தில் அவருடைய முட்டி சட்டியின் வயிற்றில் இறங்கியது. ணங். வாயில் இறங்கியது. ணங்.

"நல்லாத்தான இருக்கு!"

ரைஹானத்தின் புருவம் ஒன்றோடொன்று நெருங்கியது. மறுபடி போட்டாள். "எனக்கு டொக்குன்னு கேட்ட மாதிரி இருக்கு அண்ணாச்சி. தகரத்துல மழ வேற கொட்டுது இதுல. நான் எப்பவும் படம் தெளிவா விழுதான்னுதான் பாப்பேன். சத்தம் ஒங்க பாடுன்னு விட்டுருவேன்."

"மழையாத்தான் இருக்கும்" என்றார் கொம்பையா.

அவள் போன பிறகு கொட்டகை தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. வெளிச்சம் பச்சையாக வாழையிலைகள் வழியே வந்தது. மூலையில், அடுப்படிச் சூட்டில் நாள்கணக்காகக் காய்ந்த வாத்தியாரின் பெரிய சட்டி கவிழ்ந்திருந்தது. இன்னும் சூளை காணாத பச்சைச் சட்டி. பச்சை மண்ணுக்குக் குரல் கிடையாது. தட்டினால் தொடையில் தட்டியதுபோல் சும்மா கிடக்கும். அது அவருக்கு நடை பழகும்போதே தெரியும்.

கொம்பையா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முட்டியை மடக்கி, விரிசல் விழுந்துவிடாதபடி பைய ஒரு தட்டு தட்டினார்.

ணங் என்றது. நின்று, அடங்கியது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் கிடந்த ஈரக் களிமண் உருண்டையில் தட்டினார். அதுவும் மணி மாதிரிச் சொன்னது. எழுந்து போய் வாழைத் தண்டில் தட்டினார். தண்டுக்குள்ளிருந்தும் அதே சத்தம் வந்தது. வயல் வெள்ளமாக மின்னியது. கொக்குகள் எழுந்து இன்னொரு வயலில் இறங்கின. எதைத் தட்டினாலும் நல்ல சட்டியாகச் சொல்லும் ஓர் ஊரில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு அழகான ஊர் அது என்று தோன்றியது. அடுத்த நொடி, இதுவரை தட்டி அனுப்பிய சட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

சாயங்காலம் வானம் வெளுத்ததால் சூளையை அடுக்கினார். பெரிய சட்டியை நடுவில் வைத்தார். சுற்றிலும் சின்னச் சட்டிகள், மேலே கதம்பை, வைக்கோல், அதற்கு மேல் சேற்றுப் பூச்சு. தீ மூட்டிவிட்டுப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். முப்பிடாதி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். ஏதோ கேட்டாள்.

"ஆமா, உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கிட்டே வந்து உட்கார்ந்து, காதருகில் வாயை வைத்து, "மகளுக்குப் போன் போட்டீரான்னு கேட்டேன்" என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நானும் காதுல மண்ணு அடச்சிருக்குன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நாளா இப்பிடி?"

"ரயிலு சத்தமில்லாமப் போச்சுல்லா, அன்னயிலருந்து."

"சட்டிச் சத்தம்?"

"அது நல்லாக் கேக்கு. எல்லாமே நல்லாக் கேக்கு. பச்சச் சட்டியும் நல்லாக் கேக்கு."

முப்பிடாதிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சூளையைப் பார்த்தாள். புகை தாழ்வாக, ஈரமாக, கால்வாய்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப ரைஹானத்துட்ட சொல்லணும்லா."

"என்னத்தச் சொல்ல? தட்டிப்பாருன்னு போர்டு போட்டுக்கிட்டு, தட்டுதவன் செவிடுன்னா? ஊரு சிரிக்கும். அவளுக்குப் பாயி இருக்கு. எனக்கு இத விட்டா என்ன இருக்கு?" பிறகு குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார். "நீ ஒண்ணு செய்யி. நாளைக்கு அவ வந்து நிக்கும்போது நீ அவளுக்குப் பின்னால நில்லு. நான் தட்டுவேன். நல்லாருந்தா தலைய ஆட்டு. இல்லன்னா சும்மா நில்லு."

"அட கோட்டிக்கார மனுசா!" என்று சிரித்துவிட்டாள் முப்பிடாதி. "நாளைக்கி நிப்பேன். தெனைக்கும் அவ முதுகுக்குப் பின்னால பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுத் தலைய ஆட்டணுமா? எனக்கு மாடு பாக்க வேண்டாமா?" சிரிப்பு நின்றது. "இங்கன பாரும். சொதி ஒழுகுனது அந்த சார்வாள் வீட்டுல. சட்டிய அனுப்புனது நீங்க ரெண்டு பேரு. பாதி அவ பேருல்லா?"

அவர் துவையலைத் தொட்டுத் தொட்டுச் சோற்றைத் தின்று முடித்தார். பூச்சு வெடித்த இடங்களில் தீ சிவப்புக் கண்களாகத் திறந்து மூடியது. சத்தமில்லாத தீ.

மறுநாள் சூளை ஆறியதும் பிரித்தார்கள். சாம்பலை ஒதுக்க ஒதுக்கச் சட்டிகள் மாலை வெயில் நிறத்தில் வெளியே வந்தன. பெரிய சட்டி எந்தக் குறையும் இல்லாமல், சூல்கொண்ட பசு மாதிரி உட்கார்ந்திருந்தது. விளிம்பு ஓடிய ஓட்டமும் தோள் இறங்கிய இறக்கமும் பார்க்கப் பார்க்கக் கொம்பையாவுக்கு மனசு நிறைந்தது. இவ்வளவு பெரிய சட்டி அவர் கையிலிருந்து இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

ரைஹானத் போனைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பஸ்ஸுல வரும்போது பழைய சத்தத்தையெல்லாம் ஒண்ணொண்ணாப் போட்டுக் கேட்டுக்கிட்டே வந்தேன் அண்ணாச்சி" என்று உரக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். "சரி, தட்டுங்க."

கொம்பையா முட்டியை மடக்கினார். கை சட்டிக்கு அருகில் போய் நின்றது. முப்பிடாதி தொழுவத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றாள். தலையை ஆட்டுகிற எண்ணம் அவளுக்கு இல்லை என்று தெரிந்தது.

"நீ தட்டு" என்றார் கொம்பையா.

"நானா? செஞ்ச கைதான தட்டணும். என்னிக்கு நான் தட்டிருக்கேன்?"

"எனக்குக் காது கேக்கல தங்கச்சி. ஒரு வருசமாச்சு. ஆனா சட்டியத் தட்டுனா மட்டும் கேக்கு. ஒடஞ்ச சட்டியும் நல்ல சட்டி மாதிரிக் கேக்கு. நேத்துப் பச்சச் சட்டியத் தட்டுனேன், அதுவும் மணி அடிக்கு. எப்பமோ கேட்டதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன் போல. சார்வாள் வீட்டுச் சட்டிய அப்பிடித்தான் அனுப்பிட்டேன்."

ரைஹானத் போனை இறக்கினாள். அவள் கோபப்படுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்தாள், மூக்கை உறிஞ்சினாள், ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது அவருக்குத் தெரிந்தது.

"சத்தமாச் சொல்லு."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லான்னேன்! அந்த ஒழுகுன சட்டிய ராத்திரி பூரா நெனச்சி நெனச்சி நான் என்ன பாடு பட்டேன், இவரு சந்தோசம் சார்வாள்ங்காரு!"

பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வயிற்றில் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். வாயில் ஒரு தட்டு. மறுபடி வயிற்றில், இன்னொரு பக்கம். கொம்பையா சட்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். அந்த முகம் அவரைப் பார்க்கத் தயங்கியது.

"என்ன?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"நல்லாத் தட்டுனியா?"

"தட்டுனேன் அண்ணாச்சி. கீறல் அடிப்பக்கத்துல இருக்கு. டொக்குன்னு கேக்கு."

கொம்பையா குனிந்து தானே தட்டினார். ணங். இவ்வளவு நேரம் நின்று அடங்கிய சத்தத்தை அவர் கேட்டதேயில்லை. சட்டி முழுக்க நிறைந்து, விளிம்பு வழியே வழிந்து, வாழைத்தோப்பைத் தாண்டிப் போனது. அவருடைய வாழ்நாளில் மிக நல்ல சட்டி அதுதான் என்று அவர் காது சத்தியம் செய்தது.

நிமிர்ந்து ரைஹானத்தைப் பார்த்தார். அவள் முகம் மாறவில்லை.

இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கினார். மார்போடு அணைத்துக் கொஞ்ச தூரம் நடந்து, உடைந்த ஓடுகள் குவிந்து கிடந்த இடத்துக்கு மேலே நின்று, கைகளை விட்டார்.

முப்பிடாதி வாயில் கை வைத்தாள். ரைஹானத் ஓடிவந்தாள். "என்ன அண்ணாச்சி, ஒடச்சுட்டீங்களே! செடி வைக்கவாவது ஆவும்லா!"

"ஒனக்கு என்ன சத்தம் கேட்டுது?"

"என்ன சத்தமா? சட்டி ஒடஞ்ச சத்தம்தான்."

"எனக்கு மணி அடிச்சுது" என்றார் கொம்பையா. ஓடுகளைக் காலால் ஒன்றாகத் தள்ளினார். "இனி நீ சொல்லுததுதான். முப்பிடாதி, அந்தப் பெரிய உருண்டைய எடு. கல்யாணம் தையிலதான, நாள் கெடக்கு."

மார்கழியில் மழை ஓய்ந்து, கதம்பை மொடமொடவென்று காய்ந்த பிறகு, அடுத்த பெரிய சட்டி சூளையிலிருந்து வந்தது. ரைஹானத் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினாள். கொம்பையா அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார். வயிற்றில் ஒரு தட்டு. அவள் இமை தாழ்ந்து, தூங்கப் போகிறவள் போல அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. வாயில் ஒரு தட்டு. சத்தம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அந்த இமையில் அவரால் பார்க்க முடிந்தது. அது உயர்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

சத்தத்தை அனுப்பிச் சட்டிக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தபோதே வாத்தியார் கூப்பிட்டார்.

"ஏம்மா, சட்டி அருமையா இருக்கு. மணி மாதிரி இருக்கு. ஆனா கூடவே சில்லு சில்லுன்னு இன்னொரு சத்தம் கேக்கே, அது என்னது?"

"அது வளையல் சார்."

"வளையலா? கொம்பையா எப்பமிருந்து வளையல் போட ஆரம்பிச்சாரு?"

ரைஹானத் விழுந்து விழுந்து சிரித்தாள். தொழுவத்திலிருந்து முப்பிடாதியும் சிரித்தாள். என்ன, என்ன என்று கொம்பையா கேட்டுக்கொண்டேயிருந்தார். அவர் காதருகில் வந்து சொன்னதும் அவரும் சிரித்தார். "தட்டுனது கம்பெனி சார்வாள்! நாங்க ரெண்டு பேருதான் கம்பெனி!" என்று போனை நோக்கிக் கத்தினார்.

பிறகு அவளுடைய கையைப் பார்த்தார். பச்சைக் கண்ணாடி வளையல்கள். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து வைக்கோல் சுற்றிய கை. அந்த வளையல்கள் எப்படிச் சத்தம் போடும் என்று நினைத்துப் பார்த்தார். நினைவில் எதுவும் வரவில்லை. பானைக்கே காது கொடுத்துக்கொண்டிருந்ததில் இதைக் கேட்டு வைக்கவே இல்லை.

ரைஹானத் கையை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குலுக்கினாள். வெயில் பட்டு வளையல்கள் மின்னின.

"கேக்குதா அண்ணாச்சி?"

"கேக்கல" என்றார் கொம்பையா. "அந்த வைக்கலை இன்னும் கொஞ்சம் இங்கிட்டு எடு."